முதல் நாள்: ஓய்வு

தென் அமெரிக்காவில் நிலவழிக் குழுப்பயணம் நடத்துகிற நிறுவனங்களின் பயணத் திட்டங்களில் ஒரு ஐந்தாறை எடுத்து வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். வழி மாறும், விலை மாறும், முதல் நாள் மட்டும் மாறாது. வந்து சேரவும். ஓய்வெடுக்கவும். மாலை ஆறு மணிக்கு ஓட்டல் வரவேற்பறையில் அறிமுகக் கூட்டம். ஊர் மலைமேல் இருந்தால் கூடுதலாக ஒரு வரி: உயரத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு நாள் முன்னதாக வருவது நல்லது. அவ்வளவுதான். கீட்டோ ஆனாலும் சரி, குஸ்கோ ஆனாலும் சரி, லா பாஸ் ஆனாலும் சரி, லட்சக்கணக்கான பேர் பிறந்து வளர்ந்து சண்டை போட்டுச் சாகிற ஓர் ஊர் அந்தத் தாளில் ஒரு தலைவலி மாத்திரை. இரண்டு நாள் விழுங்கினால் போதும், மூன்றாம் நாள் லாரி ஏறிவிடலாம்.

எனக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது. லாரி ஏறுவதற்கு முன்னால் அந்த ஊரில் தனியாகச் சுற்றும் நாட்கள்தான் பயணம் என்பது என் கட்சி. அவை இல்லாவிட்டால் பின்னால் வருகிற உப்புப்பாலையும் எரிமலையும் காலண்டர் படங்கள். அழகாக இருக்கும், மாதத்துக்கு ஒன்றாகக் கிழித்துப் போடலாம்.

நிலவழிக் குழுப்பயணம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய லாரி ஒன்றில் இருபது பேர் உட்காரும்படி இருக்கைகளும் ஜன்னல்களும் வைத்திருப்பார்கள். அடியில் கூடாரங்கள், அடுப்பு, பாத்திரங்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், நாடு விட்டு நாடு தரைவழியாகவே போகும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் லண்டனிலிருந்து காத்மாண்டுவரை பேருந்திலும் வேனிலும் கிளம்பிய இளைஞர் கூட்டத்தின் வாரிசு இந்தத் தொழில். இதில் போகிறவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நாங்கள் டூரிஸ்ட் இல்லை, பயணிகள். விமானத்தில் குதித்து இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்கள் வேறு, மண்ணைத் தொட்டுக்கொண்டே போகும் நாங்கள் வேறு.

நம்மூர் குரூப் டூரைப் பார்த்துச் சிரிக்காத தமிழ் எழுத்தாளர் உண்டா? சமையல்காரரையும் சாம்பார்ப் பொடியையும் கூடவே தூக்கிக்கொண்டு ஐரோப்பா போகிறார்களே என்று எத்தனை கேலி! அந்த மாமாக்களையும் மாமிகளையும் நான் இனிமேல் கேலி செய்ய மாட்டேன். ஏனென்றால் லாரியிலும் அதேதான். மூன்று மூன்று பேராகச் சமையல் முறை போட்டுக்கொண்டு, பொலிவிய மேட்டுநிலத்தில், நூற்றுக்கணக்கான உருளைக்கிழங்கு வகைகள் விளைகிற ஆண்டிஸ் மண்ணில் நின்றுகொண்டு பாஸ்தா வேகவைத்துச் சாப்பிட்டோம். சாம்பாராவது பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

2019 ஆகஸ்டில் நான் லா பாஸுக்குப் போனது இப்படி ஒரு குழுவில் சேரத்தான். அங்கே ஏறி, பொத்தோசி, உயூனி உப்புப்பாலை, அர்ஜென்டினாவின் சால்தா வழியாக புவெனஸ் ஐரிஸில் இறங்குவதாகத் திட்டம். குழு கூடும் தேதிக்கு ஒன்பது நாள் முன்னதாகவே போய் இறங்கினேன். இதைத் தெரிவித்தபோது நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி, அத்தனை நாள் அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். கிண்டல் கிடையாது, உண்மையான அக்கறை. அந்த அக்கறைதான் என்னை உறுத்தியது. ஒருவர் சென்னைக்கு ஒன்பது நாள் வருகிறேன் என்றால் நாம் இப்படிக் கேட்போமா?

லா பாஸ் ஒரு கிண்ணம். அதன் அடிப்பகுதி வழியாக சோகெயாபு ஆறு ஓடுகிறது. நகர நடுவில் அதைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே பிராடோ என்கிற பெரிய சாலையை அமைத்திருக்கிறார்கள். நடு ஊர் சுமார் 3,600 மீட்டர் உயரம். கிண்ணத்தின் விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேலே, எல் ஆல்தோ. விமான நிலையம் அங்கேதான். தெற்கே கீழே இறங்கினால் 3,300 மீட்டரில் தென்பகுதிக் குடியிருப்புகள், தூதரகக்காரர்களும் வசதியானவர்களும் வாழும் இடம். நம்மூரில் மலைவாசஸ்தலம் என்றால் காசுள்ளவன் உச்சியில் பங்களா கட்டுவான். இங்கே தலைகீழ். கீழே போகப் போகக் குளிர் குறையும், மூச்சு சீராகும், வீட்டு விலை ஏறும். மேலே போகப் போகக் காற்று மெலியும், கூலி மெலியும். பிராண வாயுவைக்கூட வர்க்கம் பார்த்துப் பங்கிட்ட ஊர் இது. தலைவலி மாத்திரை என்று நினைத்து வருகிறவனுக்கு அந்த உயரம் வெறும் எண்ணாகத் தெரியும். எந்த உயரத்தில் யார் வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால் அந்த எண்ணே சரித்திரமாகிவிடும்.

சொபொகாச்சி என்ற பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் அறை எடுத்திருந்தேன். தலை நரைத்த என்னை அவர் "ஹோவன்" என்றுதான் கூப்பிட்டார். தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே கடைக்காரரும் கண்டக்டரும்கூட முகம் தெரியாத ஆளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "தம்பி, முதல்ல சிவப்புல ஏறு. ஊரு அப்பத்தான் புரியும்" என்றார் முதல் நாள் காலையிலேயே. சிவப்பு என்றால் கேபிள் கார். 2014இல் மூன்று பாதைகளோடு தொடங்கியது. பொலிவியக் கொடியின் நிறங்களான சிவப்பு, மஞ்சள், பச்சை. நான் போனபோது பத்துப் பாதைகள், சுமார் 30 கிலோமீட்டர். வேடிக்கை பார்க்க வைத்த விஞ்ச் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பொலிவியானோ கொடுத்துவிட்டு ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மூட்டை தூக்குகிறவர்களும் ஏறுகிற டவுன் பஸ் அது. சக்கரம் மட்டும் தலைக்கு மேலே.

சிவப்புப் பாதை பழைய ரயில் நிலையத்தில் தொடங்கி, பொதுக் கல்லறைக்கு மேலே போய், எல் ஆல்தோ விளிம்பில் முடிகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஸ்பானியப் பெயரோடு அய்மாராப் பெயரும் உண்டு. கடைசி நிலையத்தின் பெயர் ஹாச்சா கத்து, பெரிய சந்தை. வியாழனும் ஞாயிறும் அங்கே கூடுகிற சந்தைக்குப் பக்கத்தில் நம்மூர் வாரச்சந்தைகளை வைத்தால் சின்னப்பிள்ளை விளையாட்டு. லாரி எஞ்சினிலிருந்து சட்டைப் பொத்தான்வரை, தெருத் தெருவாக. ஒரு அம்மாளிடம் வேர்க்கடலை வாங்கினேன். அளந்து போட்டுவிட்டு மேலே ஒரு பிடி அள்ளிப் போட்டார். "யாபா" என்றார். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கொசுறு. அடுத்த ஞாயிறு தேடிப்பிடித்து மறுபடி அவரிடமே போனேன். "கசேரோ" என்று கூப்பிட்டு இரண்டு பிடி போட்டார். வாடிக்கைக்காரர் கடைக்காரரையும் கடைக்காரர் வாடிக்கைக்காரரையும் அழைக்க அங்கே ஒரே சொல்தான். இரண்டாம் முறை போனால்தான் அந்தச் சொல் கிடைக்கும். பயணத் திட்டத்தில் இரண்டாம் முறை என்பதே கிடையாது.

அந்தக் கேபிள் கார் பெட்டியில் எனக்கு எதிரே பெரும்பாலும் பொய்யேரா கட்டிய பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பல அடுக்குப் பாவாடை, தலையில் வட்டத் தொப்பி, முதுகில் வண்ணத் துணி மூட்டை. அந்த உடையின் கதையை வீட்டுக்கார அம்மா சொன்னார். 1935இல் லா பாஸ் டிராம் வண்டிகளில் இவர்கள் ஏறக்கூடாது என்று தடை வந்தது. சமையல் வேலைக்குப் போகிற பெண்கள் காய்கறிக் கூடையோடு ஏறினால் சீமாட்டிகளின் காலுறை கிழிந்துவிடுகிறதாம். பொறுத்துக்கொண்டு நடந்து போகவில்லை அந்தப் பெண்கள். பெத்ரோனிலா இன்ஃபாந்தெஸ் போன்றவர்கள் முன்னால் நின்று அதே ஆண்டு சமையல் தொழிலாளர் சங்கம் கட்டினார்கள், தெருவில் இறங்கினார்கள், தடையை விலக்க வைத்தார்கள். செருப்புப் போடக்கூடாது, தோளில் துண்டு போடக்கூடாது என்பதையெல்லாம் பார்த்த ஊர்க்காரனுக்கு இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது? டிராமில் ஏற விடாத பெண்களின் பேத்திகள் இன்றைக்கு ஊரின் தலைக்கு மேலே போகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஏறுகிறவனுக்கு அந்தப் பெட்டி ஒன்று, தெரியாமல் ஏறுகிறவனுக்கு வேறொன்று. பின்னவனுக்குப் படம் நன்றாக வரும்.

சரி, அந்த ஊரிலிருந்து நிறுவனங்கள் எதை எடுத்து விற்கின்றன? நான் பார்த்த பட்டியல் இது: சாவுச்சாலையில் சைக்கிள், சூனியச் சந்தை, பாவாடைப் பெண்கள் மல்யுத்தம். கூடவே, சிறைக்குள் டூரிஸ்டுகளைக் காசு வாங்கிக்கொண்டு விட்ட காலத்துக் கதைகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாவுச்சாலை என்பது லா பாஸிலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பழைய மலைப்பாதை. சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளை வைத்து 1930களில் வெட்டியது. ஒரு வண்டி போகிற அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். 1983இல் ஒரே ஒரு பேருந்து விழுந்ததில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1995இல் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி இதை உலகின் ஆகப் பயங்கரமான சாலை என்றது. 2006இல் புதுச்சாலை வந்தபிறகு ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், பழைய சாலை சைக்கிள்காரர்களுக்கு வந்தது. இறங்கி முடித்தால் ஒரு டீ-ஷர்ட் தருவார்கள், பிழைத்துவிட்டேன் என்று எழுதி. வேறு வழியில்லாமல் கோகா இலையும் பழமும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் போய் விழுந்தவர்களுக்கு யார் டீ-ஷர்ட் கொடுத்தார்கள்? ஓரத்தில் சிலுவை நட்டார்கள். சைக்கிள்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்கிறார்கள்.

சூனியச் சந்தை என்ற பெயரே அவமானம். காய்ந்த லாமாக் குட்டிகள் தொங்குவதைப் பார்த்து முகம் சுளித்துப் படம் எடுக்கிறார்கள். அது, புது வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது பச்சமாமா என்னும் பூமித்தாய்க்குக் கொடுப்பது. நாம் நவதானியமும் காசும் போட்டுப் பூமி பூஜை செய்வதில்லையா? நான் போன ஆகஸ்ட் அங்கே பூமித்தாயின் மாதம். பூமி வாய்திறந்து பசித்திருக்கும் மாதம் என்பது நம்பிக்கை. கடை வாசலிலும் வீட்டு முற்றத்திலும் மூலிகையும் கொழுப்பும் சர்க்கரை அச்சுகளும் சேர்த்து எரிக்கிற புகை மாதம் பூராவும் ஊரில் இருந்தது. என் வீட்டுக்கார அம்மா, கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், அவரும் ஒரு தட்டு வாங்கிவந்து கொல்லையில் எரித்தார். "சாமிக்கு சாமி, மண்ணுக்கு மண்ணு" என்றார். இதில் எங்கே வந்தது சூனியம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லா பாஸில் செருப்புத் துடைக்கும் தொழிலாளர்கள் கண் மட்டும் தெரிய முகமூடி போட்டிருப்பார்கள். பார்த்தால் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கும், ஜாக்கிரதை என்கிற தொனியில் பயணக் குறிப்புகள் எழுதுகிறார்கள். அவர்கள் மூடிக்கொள்வது நம்மைப் பயமுறுத்த இல்லை. கூடப் படிக்கிறவனும் பக்கத்து வீட்டுக்காரனும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்ற வெட்கம். அவர்களில் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒர்மிகோன் அர்மாதோ என்ற பெயரில் அவர்களுக்கென்று ஒரு பத்திரிகையே வருகிறது, அவர்களே விற்கிறார்கள். பெயரின் பொருள் இரும்பு வைத்துக் கட்டிய கான்கிரீட். வாங்கினேன். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை, ஆனால் விற்றவன் என்னிடம் கால் மணி நேரம் பேசினான். அவன் கேட்ட முதல் கேள்வி: "உங்க ஊர்ல செருப்புத் துடைக்கிறவங்க முகத்தை மூடுவாங்களா?" நான் என்ன பதில் சொல்ல? எங்கள் ஊரில் மூட வேண்டியதில்லை தம்பி, பிறப்பைக் கேட்டே தெரிந்துகொள்வார்கள் என்று சொல்ல ஸ்பானிஷ் போதவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை ஆறு மணிக் கூட்டம். நல்ல பிள்ளைகள்தான் எல்லோரும். குழுத்தலைவர் ஊர் வரைபடத்தை விரித்து, பிராடோவைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். இதற்குள் இருங்கள். மேலே எல் ஆல்தோவுக்குத் தனியாகப் போகவேண்டாம். கேபிள் காரில் போய் அப்படியே திரும்பிவிடலாம், இறங்க வேண்டாம், காட்சி பிரமாதம். 2012 கணக்கெடுப்பிலேயே லா பாஸை மக்கள்தொகையில் தாண்டிவிட்ட ஊர் எல் ஆல்தோ. ஃப்ரெடி மமானி என்ற கட்டடக் கலைஞர் அய்மாரா வணிகர்களுக்கு மரகதப் பச்சையும் ஆரஞ்சுமாகக் கட்டிய மாளிகைகள் வரிசையாக நிற்கிற ஊர். அந்த ஊர் வரைபடத்தில் வட்டத்துக்கு வெளியே, காட்சிப் பொருளாக மட்டும்.

மூன்றாம் நாள் எங்கள் லாரி மேட்டுநிலச் சாலையில் நின்றது. முன்னால் கல்லும் டயரும் போட்டு மறித்திருந்தார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், குடிதண்ணீர்க் குழாய் கேட்டு. நான்கரை மணி நேரம். லாரிக்குள் முதல் மணி நேரம் வேடிக்கை, இரண்டாம் மணி எரிச்சல், மூன்றாம் மணியில் ஒருவர் சொன்னார்: "இவங்க பிரச்சினைக்கு நாங்க என்ன பண்ண முடியும்? நாங்க காசு குடுத்து வந்திருக்கோம்." யாரும் மறுக்கவில்லை. குழுத்தலைவர் சிரித்துக்கொண்டே, பொலிவியான்னா இப்படித்தான் என்றார்.

பொலிவியா என்றால் இப்படித்தான். மிகச் சரி. ஆனால் ஏன் இப்படி என்பதற்குத்தான் அந்த வட்டத்துக்கு வெளியே போக வேண்டும். அந்த விளிம்பில் நின்று கீழே பார்த்தவனுக்குச் சாலை மறியல் புரியும். 1781இல் துபாக் கட்டாரியும் அவர் மனைவி பார்த்தோலினா சிசாவும் அய்மாரா மக்களைத் திரட்டி அதே விளிம்பிலிருந்துதான் ஸ்பானிய லா பாஸை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். கிண்ணத்துக்குள் இருப்பவனின் சோறும் விறகும் விளிம்பைத் தாண்டித்தான் வரவேண்டும். கட்டாரியை அந்த நவம்பரில் நான்கு குதிரைகளில் கட்டி இழுத்துக் கொன்றார்கள். சிசாவை மறு ஆண்டு லா பாஸில் கொன்றார்கள். ஆனால் அந்த விளிம்பின் பாடத்தை யாரும் மறக்கவில்லை. 2003 அக்டோபரில் நாட்டின் எரிவாயுவைச் சிலி வழியாக வெளியே விற்கும் திட்டத்துக்கு எதிராக எல் ஆல்தோ மக்கள் சாலைகளை மறித்தார்கள். சென்காட்டா எரிபொருள் கிடங்கிலிருந்து லாரிகளை ராணுவக் காவலோடு கீழே கொண்டுவந்தபோது சுட்டார்கள். மொத்தம் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபர் 17 அன்று அதிபர் கொன்சாலோ சான்செஸ் தெ லொசாதா பதவியை விட்டு அமெரிக்காவுக்குப் பறந்தார்.

என் வீட்டுக்கார அம்மா அந்த நாட்களில் நாற்காலியை உடைத்து எரித்துச் சமைத்தார். மேலே இருந்தவர்கள்மேல் கோபமில்லையா என்று கேட்டேன். "முதல் வாரம் இருந்துச்சு. அப்புறம் சுட்டாங்க. எங்க தெருக் கோயில்லயே படிச்சவங்க, வாத்தியாருங்க எல்லாம் பட்டினி உக்காந்தாங்க, கொல்றத நிறுத்துன்னு. நானும் போனேன். கேஸ் சிலிண்டருக்காகக் கோவப்படற வயசா எனக்கு?" கீழே இருப்பவர் விளிம்பை நிமிர்ந்து பார்த்த கணம் அது. காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்கிற பேச்சுக்கு எதிராக என்னிடம் இருந்த ஒரே பதில் அவர்தான். நான் அதை லாரியில் சொன்னேன். இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கீழே இறங்கி வந்தார். மறித்தவர்கள் எங்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். பாஸ்தாவைவிட நன்றாக இருந்தது.

இதற்கு வருகிற மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, பாதுகாப்பு. உண்மைதான். போலி டாக்சி, போலி போலீஸ் எல்லாம் லா பாஸில் நடக்கிறது. தனியாகப் போகும் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ஆனால் பாதுகாப்பு என்பது ஊரைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. எந்த மினிபஸ் எங்கே போகும், எந்தத் தெரு எத்தனை மணிக்குக் காலியாகும், யாரிடம் வழி கேட்கலாம் என்று தெரிந்தவனுக்கு வட்டம் தானாகவே பெரிதாகும். பேனாவால் போட்ட வட்டம் கடைசிவரை அதே அளவு. இரண்டாவது, நேரம். லீவே மூன்று வாரம்தான், அதில் ஐந்து நாளை ஒரே ஊரில் போட முடியுமா? முடியும். உப்புப்பாலையில் ஒரு நாளைக் குறையுங்கள். உப்பு எங்கேயும் போகாது. மூன்றாவது, சிலர் கொஞ்சம் சாமர்த்தியமாகக் கேட்பார்கள்: நீயும் ஒன்பது நாள் வந்துபோன வெளியூர்க்காரன்தானே, உனக்கு மட்டும் என்ன தெரிந்துவிட்டது? ஒன்பது நாளில் ஊர் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறது என்று தெரியும். நான் கேட்பது அவ்வளவுதான்.

குழுப்பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயூனிக்குத் தெற்கே, மின்சாரமோ கடையோ இல்லாத அந்த உயரப் பாலையில் லாரியும் கூட்டமும் துணைதான். செலவும் பங்கிட்டுக்கொள்ளலாம். என் சண்டை அதோடு இல்லை. மனிதர்கள் நெருக்கமாக வாழும் இடத்தை வெயிட்டிங் ரூமாகவும், மனிதர்கள் அதிகம் இல்லாத இடத்தை உண்மையான தென் அமெரிக்காவாகவும் விற்கிற அந்தக் கணக்கோடுதான். பயணக்காரனுக்கு ஆளில்லாத நிலம் வசதி. நிலம் எதிர்த்துப் பேசாது, குழாய் கேட்காது, சாலையை மறிக்காது.

அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மூன்று மாதத்தில் பார்த்தேன். 2019 அக்டோபர் 20 தேர்தலுக்குப் பிறகு பொலிவியா கொந்தளித்தது. நவம்பர் 10 அன்று எவோ மொராலெஸ் பதவி விலகினார். மறுபடி விளிம்பு மறிக்கப்பட்டது. நவம்பர் 19 அன்று, அதே சென்காட்டா கிடங்கின் வாசலில், மறுபடி துப்பாக்கிச் சூடு. குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களின் சவப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல் ஆல்தோவிலிருந்து லா பாஸுக்கு இறங்கி வந்த ஊர்வலத்தின்மேல் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டார்கள். தெருவில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஜனம் ஓடியது.

எங்கள் லாரிக் குழுவுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அன்றைக்கு அதில் ஒரு செய்தி வந்தது. நல்லவேளை, நாம் முன்னாடியே வந்துவிட்டோம். கீழே உப்புப்பாலையில் நாங்கள் குதித்த படம். பத்துப் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது, அவ்வளவுதான். நான் அந்த நேரத்தில் வேர்க்கடலைக்கார அம்மாளை நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தை கூடியிருக்குமா, வீட்டிலிருந்து கிளம்பியிருப்பாரா, வீடு எந்தப் பக்கம் என்று கேட்காமல் போனோமே என்று. சொபொகாச்சிக்குப் போன் போட்டேன். வீட்டுக்கார அம்மா எடுத்தார். "நான் நல்லாருக்கேன் தம்பி. மேலதான் யாரும் நல்லாயில்ல" என்றார்.

ஓர் ஊரின் செய்தி வரும்போது ஒரு முகம் ஞாபகத்துக்கு வரவேண்டும். பயணத்தால் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய லாபம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மண்ணைத் தொட்டுக்கொண்டு போனாலும் நாம் அந்தக் கண்டத்தின் மேலே பறந்துதான் போயிருக்கிறோம்.

ஆகவே தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ இந்த மாதிரிக் குழுவில் சேரக் கிளம்பும் எவருக்கும் நான் சொல்வது இது. குறைந்தது ஐந்து நாள் முன்னதாகப் போங்கள். ஓட்டலில் தங்காமல் ஒரு வீட்டில் அறை எடுங்கள். ஊர்க்காரர்கள் எதில் போகிறார்களோ அதில் போங்கள். ஒரே ஆளிடம் இரண்டு முறை வாங்குங்கள். கடைசியாக இந்த ஊரில் எப்போது எதற்காகச் சாலையை மறித்தார்கள் என்று யாரிடமாவது கேளுங்கள். அரைகுறை ஸ்பானிஷ் போதும். கேட்டால் சொல்வார்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்வார்கள்.

மாலை ஆறு மணிக் கூட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் ஒன்றும் ஆகாது. லாரி காத்திருக்கும். காத்திருக்காவிட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும்.